விளக்கு வைத்த பிறகு எடுத்த பேட்டிகள்

ஐந்து முகங்கள் வரைந்த அட்டை ஒன்று அந்த நாட்களில் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். இடது ஓரத்து முகம் அழும். வலது ஓரத்து முகம் பல் தெரியச் சிரிக்கும். நடுவில் இருப்பது எதைக் கேட்டாலும் எனக்கென்ன என்று இருக்கிற முகம். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள் என்றால் தோட்டத்தில் பலர் தயங்கியதால், டாக்டரே அதைத் தயார்செய்து பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தார். நான் கேள்வியை வாசிக்க வேண்டும், அவர்கள் ஒரு முகத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெம்பான் என்ற ஊருக்கு உள்ளே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஓர் அக்கா இருபது கேள்விகளுக்கும் அந்தச் சிரிக்கும் முகத்தையே தொட்டார். மஞ்சள் அரைத்த கறை நகத்தில் போகாத விரல். ஒவ்வொரு தடவையும் கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் விரலை வைத்தார். நான் கடகடவென்று இருபது கட்டங்களில் குறி போட்டேன். பத்து நிமிடத்தில் ஒரு படிவம் முடிந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

டாக்டர் என்று நான் சொல்வது ஊசி போடுகிறவரை அல்ல. மலேசியாவில், மலாக்காவில் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் நடத்தியவர். நான் அவருக்கு ஆய்வு உதவியாளர். பட்டம் வாங்கி வீட்டில் சும்மா இருந்தவளுக்கு அந்தப் பெயரே பெரிதாக இருந்தது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட தமிழர்கள், தோட்டத்தை விட்டுக் குருபோங் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், இந்த இரண்டு கூட்டத்தாரின் மனநலம் எப்படி இருக்கிறது என்பதுதான் ஆய்வு. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒரு நலச்சங்கம் அந்தத் தோட்டத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓர் ஆலோசகரை அனுப்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் அவரைக் கவுன்சலிங் மிஸ் என்பார்கள். தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பார். அதை நீட்டிப்பதா நிறுத்துவதா என்று எங்கள் ஆய்வறிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதாகச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த அக்கா மிஸ்ஸிடம் தவறாமல் போகிறவர் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மூத்த மகன் ஜோகூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகப் பேச்சுமூச்சு இல்லை. படிவத்தை மடித்து நான் எழுந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"மிஸ் இனிமேலும் வருவாங்கல்ல தங்கச்சி?"

"வருவாங்கக்கா," என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன்.

டாக்டர் ஆய்வு முறையில் கறாரானவர். எல்லோரிடமும் ஒரே வாக்கியம், ஒரே வரிசை, ஒரே குரல். "சொந்தமா ஒரு வார்த்தைகூட சேர்க்கக் கூடாதும்மா. தலையாட்டக் கூடாது, ஐயோன்னு சொல்லக் கூடாது. நீ சிரிச்சாகூட டேட்டா கெட்டுப்போயிடும்," என்பார். கண்ணாடி முன்னால் நின்று சிரிக்காமல் கேள்வி வாசித்துப் பழகினேன். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, இந்த மூஞ்சியோடு போனால் எவன் உள்ளே விடுவான் என்று கேட்டார். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த ஆய்வு அது. யாரும் எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

தோட்டத்தில் பழக்குலை வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் போய் மதியம் திரும்புவார்கள். குளித்து, சமைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால்தான் பேச முகம் கொடுப்பார்கள். நானும் பகலெல்லாம் கல்லூரியில் டாக்டருடைய மற்ற வேலைகளைச் செய்துவிட்டுத்தான் பெம்பானுக்குக் கிளம்ப முடியும். போய்ச் சேரும்போது மணி ஏழு ஆகிவிடும். குருபோங்கில் இதற்கு நேர்மாறு. அங்கே ஷிப்ட் வேலை என்பதால் சனி, ஞாயிறு காலைகளில்தான் ஆள் கிடைப்பார்கள். அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைலோ குடித்துக்கொண்டே கேட்டேன். அங்கே ஜனங்கள் கொட்டித் தீர்த்தார்கள். லிப்ட் வேலை செய்யவில்லை, மாமியாரோடு ஒத்துவரவில்லை, தூக்கமில்லை, பிள்ளை பேச்சுக் கேட்பதில்லை. அழும் முகத்தின் மேலிருந்த பிளாஸ்டிக் தேய்ந்து மங்கிப்போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் முடிவு தலைகீழாக வந்தது. தோட்டத்தில் தங்கிவிட்டவர்கள்தான் வாடிப்போயிருப்பார்கள் என்று நினைத்து ஆரம்பித்தோம். அவர்களோ மனநிறைவோடு இருக்கிறார்கள், டவுனுக்குப் போனவர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். டாக்டர் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்து, "யோசிச்சுப் பாரும்மா, இதுதான் லாஜிக். பழைய இடம், பழைய உறவு, அது மனசைத் தாங்கிப் பிடிக்குது," என்றார். பிறகு கட்டுரையின் முன்னுரையை மாற்றி எழுதச் சொன்னார். தோட்டத்தார்தான் நன்றாக இருப்பார்கள் என்று நாங்கள் முதலிலிருந்தே எதிர்பார்த்தது போல எழுதினேன். தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவைதான். அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை, எழுத்து நடையைச் சீராக்குவது போலத்தான் இருந்தது.

அந்த மாதம்தான் எங்கள் துறையில் இப்படி மாற்றி எழுதுவதைப் பற்றியே ஒரு கருத்தரங்கு நடந்தது. புதிதாகச் சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், ஆய்வுக்குப் போகும் முன்பே எதை எதிர்பார்க்கிறோம் என்று எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும், முடிவைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றுகிற பழக்கத்தால்தான் உளவியலில் பாதி முடிவுகள் மறுபடி செய்து பார்த்தால் நிற்பதில்லை என்று பேசினார். பின்வரிசையில் சலசலப்பு. டாக்டர் எழுந்து, "அதெல்லாம் வசதியான யூனிவர்சிட்டிங்க பேசுற பேச்சு லா. இங்கே கட்டுரை வரலேன்னா கான்ட்ராக்ட் இல்லே. முதல்லே வேலைய காப்பாத்திக்குவோம், அப்புறம் அறிவியலைக் காப்பாத்தலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. அப்போது அவருடைய ஒப்பந்தம் முடிய நான்கு மாதம்தான் இருந்தது, வீட்டில் மூன்று பிள்ளைகள். பசிக்கும்போது மேகி மீ நூடுல்ஸை அலுவலக மேசையிலேயே ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திருத்துவார்.

கட்டுரை வெளிவந்தது. அறிக்கை சங்கத்துக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவுக்கு உடம்பு மோசம் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சாமி மேடையிலிருந்து அம்மா சத்தம் போட்டார்.

"வெளக்கு வச்சிருக்கு, இப்ப போய் அதெல்லாம் பேசுறியே. வாயில நல்ல வார்த்தை வராதா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து கேட்கிற வார்த்தைதான். விளக்கேற்றிய நேரத்தில் அழக் கூடாது, இல்லை என்று சொல்லக் கூடாது, சீக்கு, சாவு, மனக்கஷ்டம் எதையும் வாயில் எடுக்கக் கூடாது, லட்சுமி போய்விடுவாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பெம்பானில் நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டிலும் சாம்பிராணி வாசம் இருந்தது நினைவுக்கு வந்தது. ஏழு மணிக்கு, எரிகிற விளக்குக்கு முன்னால் உட்காரவைத்து, உங்கள் தூக்கம் எப்படி, பிள்ளைகளை நினைத்தால் மனம் எப்படி என்று கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் எந்தத் தமிழ்ப் பெண் அழுகிற முகத்தைத் தொடுவாள்? வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அந்த அக்கா, "ஒரு நாள் காலைல வா தங்கச்சி, நிதானமா பேசலாம்," என்று சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ஒருவரை ஒருமுறைதான் பேட்டி எடுக்க வேண்டும் என்ற விதியை அவருக்கு விளக்கிவிட்டு வந்திருந்தேன். வேறு ஊர்க்காரர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விடலாம். லூபோக் சீனா என்ற ஊரில் தோட்டத்திலேயே பிறந்த நான் செய்தேன். கையில் படிவம் வந்ததும் பெரிய ஆள் ஆகிவிட்டேன் போலும்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரும் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்தானே.

"நீ சொல்றது சரியாத்தான்மா இருக்கும். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனேன்னு எங்கே எழுதி வச்சிருக்கே?"

படிவத்தில் தேதிக்குக் கட்டம் இருந்தது, நேரத்துக்கு இல்லை. "எழுதலே சார். ஞாபகம் இருக்கு."

"ஞாபகம் டேட்டா இல்லம்மா," என்றார். நக்கலாகச் சொல்லவில்லை.

என் எதிரிலேயே சங்கத்துக்குப் போன் போட்டார். அந்த முனையில் இருந்தவர், முடிவு ஆகிவிட்டது, ஆதாரத்தோடு எழுத்தில் கொடுங்கள் பார்க்கலாம் என்றார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு பதில் வந்தது. கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் எழுதினேன். தரவு இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். இருந்தால் அனுப்பியிருக்க மாட்டேனா? எந்தக் கதவைத் தட்டினாலும் நேரத்தைக் காட்டு என்றார்கள், என்னிடமோ சாம்பிராணி வாசம்தான் இருந்தது. மிஸ் வருவது அந்த வருடத்தோடு நின்றது. டாக்டருடைய ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. நீட்டிக்க வேண்டிய கணக்கில் கட்டுரை ஒன்று குறைந்ததாம். இப்போது வேறு ஊரில் டியூஷன் நடத்துகிறார் என்று கேள்வி.

நான் இன்று ஒரு கல்லூரியில் ஆய்வு முறைகள் பாடம் நடத்துகிறேன். படிவத்தில் நேரத்துக்கு ஒரு கட்டம் போடாத மாணவனைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த டீச்சருக்கு இது ஒரு பைத்தியம் என்று அவர்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. எங்கள் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டி அவ்வப்போது புதிய கட்டுரைகள் வருகின்றன. தோட்டத்துத் தமிழர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று அடைப்புக்குறிக்குள் என் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். மறுத்து எழுத ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும், நேரத்துக்கு ஆதாரம் எங்கே என்ற அதே இடத்தில் நிற்கிறேன்.

போன வருடம் ஒரு மாணவியின் களப்பணிக்கு அனுமதி கேட்கப் பெம்பானுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். பஸ் நிறுத்தத்தில் நிழலுக்காக ஒதுங்கியபோது யாரோ கையைப் பிடித்தார்கள்.

"சர்வே எடுக்க வந்த தங்கச்சிதானே நீ?"

அந்த அக்கா. ஆள் பாதியாகியிருந்தார். ஜாசினில் கிளினிக்குக்குப் போகக் காத்திருந்தார். மகனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸ நிறுத்திட்டாங்க, தெரியுமா? ஆபீஸ்ல கூட்டம் போட்டாங்க. நீங்கள்லாம் நல்லா சந்தோஷமா இருக்கீங்களாம், படிச்சவங்க வந்து பார்த்து எழுதிருக்காங்கன்னு சொன்னாங்க. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. நான்தானே எல்லாத்துக்கும் சிரிச்ச மூஞ்சியக் காட்டுனேன். நான் ஒழுங்கா சொல்லிருந்தா மிஸ் வந்துக்கிட்டிருப்பாங்க, இல்லே? மத்தவங்களுக்கும் கெடுத்துட்டேன்."

இத்தனை வருடம் அந்தப் பெண்மணி இதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. "தப்பு உங்க மேல இல்லேக்கா. நாங்க வந்த நேரந்தான் தப்பு. வெளக்கு வச்ச நேரத்துல கேட்டுட்டோம்," என்றேன்.

"நேரம் என்னா செய்யும்? வாய் என்னோடதுதானே," என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தப் பாரத்த இப்ப மாத்தி எழுத முடியுமா?" என்று கேட்டார்.

படிவங்களை இத்தனை வருடம்தான் வைத்திருக்க வேண்டும், பிறகு அழித்துவிட வேண்டும் என்பது விதி. கல்லூரியின் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் நானே ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"சரி, நீயாவது கேட்டுக்க. நீ போனதுக்கப்புறம் எத்தனை தடவ எனக்குள்ளயே கேட்டுக்கிட்டேன் தெரியுமா, எல்லாம் மனப்பாடம். மொதக் கேள்வி தூக்கந்தானே? தூக்கம் இல்லே தங்கச்சி. ரெண்டாவது சாப்பாடு."

ஒவ்வொரு கேள்வியாக, நான் வாசித்த அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனார். என் கைப்பையில் பேனாவும் நோட்டும் இருந்தன. எடுத்து எழுதி யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். நான்காவது கேள்வி பிள்ளைகளைப் பற்றியது. அதற்கு நெடுநேரம் ஆனது. ஜாசின் பஸ் வந்து நின்றது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லி ஐந்தாவது கேள்விக்குப் போனார்.