ஏலக்காய் மணத்தோடு ஜெபத்துக்கு வந்தவர்கள்

என் தம்பி மகன் ஜோயல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்ததை என் கண்ணால் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. மூக்கில் குழாய். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டரம்மா அவனிடம் குனிந்து, "எவ்வளவு நாளா சிகரெட் பிடிக்கிற?" என்று கேட்டார்கள்.

நான் சண்டைக்கே போனேன். "எங்க வீட்டுல அந்த வாடையே கிடையாது டாக்டரம்மா. ஆள் மாத்திக் கேக்குறீக."

ஜோயல் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கு விளங்கிவிட்டது.

எனக்குப் படிப்பு இல்லை. பைபிளில் சங்கீதத்தை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் அம்மா போன பிறகு, கல்யாணம் வேண்டாம் என்று இருந்து தம்பியை வளர்த்தவள் நான். தேனிக் கடைவீதியில் அவன் ஏலக்காய் வியாபாரியாகத் தலையெடுத்த பிறகும் வீட்டில் என் சொல்தான் சட்டம். பீடி, சிகரெட் வீட்டுக்குள் கூடாது. மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் பெரிய ஆட்களையே வாசலுக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை. இப்போதும் உண்டு.

தம்பி கடை மாடியில் போய் சிகரெட் பிடிப்பான். எனக்குத் தெரியும். சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு வரும்போது மூட்டைக்குள் கைவிட்டு நாலு காயை எடுத்து மென்றுகொண்டு வருவான். ஏலக்காய் வியாபாரியின் வாய் ஏலக்காயாய் மணந்தால் யார் என்ன கேட்பார்கள்? ஜோயலும் அப்படியே மணக்க மணக்க வந்து என் பக்கத்தில் முழங்காலில் நிற்பான். அப்பாவுக்குக் கடையில் ஒத்தாசை செய்துவிட்டு வருகிறான் என்று உச்சி முகர்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலேயே தம்பி கையை ஓங்கினான். "ஏலே, குடும்ப மானத்த வாங்கிட்டியேடா!"

பையன் இரைப்போடு இழுத்து இழுத்துச் சொன்னான். "மாடியில பிடிச்சுட்டு, காய மென்னுக்கிட்டுத்தானப்பா நீங்களும் ஜெபத்துக்கு வர்றீக? நானும் வீட்டுக்குள்ள பிடிக்கலையே. அத்த சட்டத்த மீறலையே."

ஓங்கிய கை இறங்கியது. தம்பி வெளியே போய்விட்டான்.

யார் முன்னாலும் தலை குனியாதவள் நான். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடையில், ஜனம் பார்க்கப் பார்க்க முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எனக்குத் தாரும். இவன் ஒருத்தனைத் தாரும்." வேறெதுவும் கேட்கவில்லை.

விடிந்தபோது இரைப்பு தணிந்திருந்தது. ஆனால் உண்மையான பதில் அதற்குப் பிறகு வந்தது. தம்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அன்றைக்கு வரை அவன் அழுது நான் பார்த்ததில்லை. "விடுறேன்னு சொல்லவே பயமா இருக்குடா. பல தடவ விட்டுப் பாத்துட்டேன், முடியல. நீ என்னயப் பாத்துக்க. நான் ஒன்னயப் பாத்துக்கிறேன்."

"அப்பன்னா மொதல்ல மாடிச் சாவியக் குடுங்க," என்றான் ஜோயல்.

தம்பி சிரித்துவிட்டான். சாவியையும் கொடுத்தான்.

லேசாக முடியவில்லை. இரண்டு பேரும் சிடுசிடுவென்று இருப்பார்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். நான் ஜெபத்தை விடவில்லை. கிறிஸ்துமஸுக்குள் ஜோயல் சின்னமனூரில் போய்ப் பந்து விளையாடுகிற அளவுக்குத் தேறினான். தகப்பனும் மகனும் சிகரெட்டை மறுபடி தொடவில்லை.

தம்பியின் இருமல் மட்டும் நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் கட்டி, முற்றிப்போயிருந்தது. இந்த வருசம் மழைக்கு முன்னே அவனை அடக்கம் பண்ணினோம்.

கடைசி நாட்களில் அவனுக்கு ஒரே கேள்விதான். "அக்கா, அவன் விட்டுட்டான்ல?"

"விட்டுட்டான்யா. நீ தூங்கு."

ஜோயல் இப்போது காலேஜுக்குப் போகிறான். நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவருக்கே ஸ்தோத்திரம். ஆனால் நான் கேட்டது ஒருத்தனுக்காகத்தான். வளர்ந்த ஆள் பிடிக்கிறான், வாசலுக்கு வெளியேதானே என்று விட்டுவிட்டு, நான் தூக்கி வளர்த்த தம்பியின் பேரை அந்த ஜெபத்தில் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

சகோதரிகளே, அவர் செவி கொடுக்கிறவர். நம்பிக் கேளுங்கள். பிள்ளைக்காக முழங்காலில் நிற்கும்போது தகப்பன் பேரையும் சொல்லிக் கேளுங்கள்.