மூன்றாவது முடிச்சு

2004 மே 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் விடும் நாள் என்பதால் ஆறேகால் வரை பதினான்கு குடம் பிடித்தோம். ஏழுக்கு இட்லி. ஏழரைக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

மகளின் திருமணம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஸ்டுடியோக்காரர் எடுத்த வீடியோவில் தாலி கட்டும் நேரம் முழுக்க ஒரு பெரியவரின் முதுகுதான் தெரிந்தது. மஸ்கட்டிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன், மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கைக்கேமராவில் எடுத்ததில் மட்டும் மூன்று முடிச்சும் இருந்தன. அன்று மாலை ஆறு மணி பஸ்ஸில் அவர் கிளம்புகிறார். கேமராவும் கூடப் போகிறது. அந்தச் சின்னக் கேசட்டை ஓட்டும் கருவி எங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோ எதிலும் இல்லை. கோவையிலிருந்து மகள் தினமும் போன் செய்து சிடி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேமராவைக் கேபிளால் இணைத்து ஓடவிட்டால் படம் ஹார்ட் டிஸ்கில் ஏறும். நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேம். டிஸ்க் அந்த வேகத்துக்கு எழுத முடியாமல் தடுமாறினால் சில ஃபிரேம்கள் விடுபட்டுப் போகும். அந்த இடத்தில் படம் வெட்டி வெட்டி ஓடும். எத்தனை விடுபட்டன என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும்.

முதல் முறை நாற்பத்தொன்று. ஆன்டி வைரஸை நிறுத்தினேன். ஸ்க்ரீன் சேவரை எடுத்தேன். இன்டர்நெட் குறுக்கே வராதிருக்க டெலிபோன் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கினேன். இரண்டாம் முறை முப்பத்தெட்டு. மாப்பிள்ளையின் கை மூன்றாவது முடிச்சுக்குப் போகாமலே திரும்பி வந்தது.

"என்ன மாப்ள, ரெண்டு முடிச்சுதான் விழுகுது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார் மைத்துனர். "சம்பந்தகாரக பாத்தா சண்டைக்கு வந்துருவாக."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டரை. மறுபடி ஓடவிட்டேன்.

சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி பின்னால் நின்று பார்த்தாள். படம் ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் எக்ஸெலைத் திறந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை நேரத்தையும் விடுபட்ட எண்ணையும் தட்டிச் சேமித்துக்கொண்டிருந்தேன். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் இருபது வருடமாக ஃபோர்மேன். எதையும் அப்போதைக்கு அப்போதே பதிந்து பழக்கம்.

"ஏங்க, மருந்து கலக்குற ரூம்ல உக்காந்துக்கிட்டா ரிஜிஸ்டர் எழுதுவீக?"

"அங்கன எப்படி எழுதுறது? வேலை பாக்குற ஆளத் தவிர யாரும் நிக்கக் கூடாது. எழுதுறதெல்லாம் வெளியதான்."

"அப்ப இங்கன மட்டும் எதுக்குப் போட்டு நோண்டுறீக?"

அப்போதுதான் உறைத்தது. படம் ஏறும் அதே டிஸ்கில்தான் என் பட்டியலும் நிமிடந்தோறும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து மூன்று முறையும் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

எக்ஸெலை மூடினேன். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். நோட்டில் பென்சிலால் ஒரே வரி: ஆரம்பம் 1.05.

மைத்துனர் எட்டிப் பார்க்கப் போனார். "ஃபோர்மேன் உத்தரவு, ஆளு உள்ள போகக் கூடாது," என்று மனைவி தடுத்துவிட்டாள்.

இரண்டேகாலுக்குக் கதவைத் திறந்தேன். மூலையில் பூஜ்யம். ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளையின் கை போனது, முடிந்தது, திரும்பியது.

"எண்ணிக்கிட்டேன் மாப்ள. மூணு," என்றார் மைத்துனர்.

ஆறிப்போன சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆறு மணிக்கு அவரையும் கேமராவையும் பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மறந்தே போயிருந்த டெலிபோன் வயரைச் சுவரில் மாட்டினேன். இரண்டாவது நிமிடம் மணி அடித்தது. மகள்தான்.