வால் நிமிர்ந்த பிக்கப்

ஆவடிக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகியும் எனக்குப் பழகாத காட்சி ஒன்று உண்டு. வேலைக்குக் கிளம்புமுன் என் கணவர் செந்தில் தெருவைத் தாண்டிப் போவார். எதிர்வீட்டுச் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் பழைய பிக்கப்பின் பின்புறத்தைப் பார்ப்பார். அது நிமிர்ந்திருந்தால் முகம் தெளியும். விரலளவு தாழ்ந்திருந்தாலும் கூட்டாளி பாஷா பாயைக் கூப்பிட்டுச் சாமான்களை இடம் மாற்றச் சொல்வார். கல்யாணம், திருவிழா, கடைத் திறப்பு போன்றவற்றுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது இவர்கள் தொழில். இரண்டு சக்கர டிரெய்லரின் மேல் ஜெனரேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கொக்கியில் மாட்டி பிக்கப் இழுத்துப் போகும். பின்புறம் தாழ்ந்த வண்டியைப் பார்த்தால் அதிக பாரம் என்று வழியில் போலீஸ்காரர்கள் மடக்குவார்கள் என்பது இங்கே இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் உள்ள பயம். அதனால் கேபிள் சுருள்கள், டீசல் கேன்கள், கருவிப் பெட்டி எல்லாம் டிரெய்லரின் கடைசி விளிம்பில்தான் ஏறும். கொக்கியின் மேல் பாரம் விழாது. பிக்கப் கம்பீரமாக நிற்கும்.

நான் பிறந்து வளர்ந்த மலேசியாவில், தைப்பிங்கில், அப்பா இதற்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் சம்பான் படகை டிரெய்லரில் ஏற்றி, தன் பிக்கப்பில் இழுத்துக்கொண்டு கோலா செபெத்தாங் ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போவார். நானும் தங்கையும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். கிளம்புமுன் அப்பா டிரெய்லரின் முன்கொக்கியை இரண்டு கைகளாலும் தூக்கிப் பார்ப்பார். சுலபமாக வந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். தோங் என்கிற ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் முன்னால் இழுத்து வைத்து மறுபடி தூக்குவார். "கை வலிக்கணும் லா, அப்பதான் போலாம்" என்பார். எங்கள் வண்டியின் பின்புறம் சற்றே அமுங்கித்தான் போகும். அங்கே அதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த மழைக்காலத்துக்குப் பிறகு செந்திலின் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. பாஷா பாய் பூந்தமல்லிக்காரர், வெல்டிங்கிலிருந்து வயரிங் வரை எல்லாம் தாமே செய்துகொள்பவர். வண்டி பழசு, பிக்கப்பின் பின்சக்கரத்தின் மேலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்துவிட்டன என்று சொல்லிக் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்தார். ஷாக் அப்சார்பர்களை மாற்றினார். டயர்களில் காற்றைச் சரிபார்த்தார். எல்லாமே தேவையான வேலைகள்தான். ஆனால் பிக்கப்பின் பின்புறம் முன்னைவிட உயர்ந்துவிட்டது. அதோடு சேர்ந்து டிரெய்லரின் மூக்கும் உயர்ந்தது. எங்கள் மகள் யாழினி டிரெய்லர் தளத்தின் மேல் வைத்த பந்து தானாகப் பின்பக்கம் உருண்டதைப் பார்த்தேன். அப்பா இப்படி ஒருநாளும் கிளம்பியதில்லை.

"பாய், பாரத்தை முன்பக்கம் வைங்களேன்" என்றேன். "வச்சிடலாம்மா, அதுக்கின்னா" என்றார். மறுநாள் கருவிப் பெட்டியை எடுத்து பிக்கப்பின் தொட்டியில், கேபினை ஒட்டி வைத்துவிட்டு, "பாரும்மா, முன்னாடி வச்சாச்சி. இப்ப சந்தோசமா?" என்று சிரித்தார். நான் சொன்னது பிக்கப்பின் முன்பக்கம் அல்ல, டிரெய்லரின் முன்பக்கம் என்று விளக்க வாயெடுத்து, தலையை மட்டும் ஆட்டினேன். நான் படித்தது கணக்கியல். படகு வேறு, ஜெனரேட்டர் வேறாக இருக்கலாம். அந்த ஊர் சாலை வேறு, இந்த ஊர் சாலை வேறாக இருக்கலாம். தெரிந்தவள்போலப் பேசி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? பேசாமல் இருந்து, அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தபடி இட்லிக்கு அரைத்தேன், துணி மடித்தேன்.

செம்பரம்பாக்கம் தாண்டி ஒரு மண்டபத்தில் செந்திலின் சொந்தத்தில் ஒரு வரவேற்பு. ஜெனரேட்டரும் எங்களுடையதுதான். "நீ வண்டிலயே போய்டும்மா. கொயந்தைய வச்சிகினு பஸ்ல இன்னாத்துக்கு அல்லாடணும்?" என்றார் மாமியார். அன்போடு சொன்னதை எப்படி மறுப்பது? யாழினியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பாஷா பாய் பைக்கில் பின்னால் வந்தார்.

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. வேகம் கூடியதும் ஒரு கண்டெய்னர் லாரி எங்களை உரசுவதுபோல முந்தியது. அதன் காற்று டிரெய்லரைத் தன் பக்கம் இழுத்து விட்டது. முதலில் ஒரு சின்ன அசைவு. அடுத்தது பெரிது. பின்னாலிருந்து யாரோ பிக்கப்பின் இடுப்பைப் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளுவதுபோல இருந்தது. செந்தில் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் இன்னும் கூடியது. கண்ணாடியில் ஜெனரேட்டர் ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் தெரிந்தது.

"பிரேக்கை விடுங்க! காலை எடுங்க! ஸ்டீரிங்கை நேரா பிடிங்க லா!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. செந்தில் காலை எடுத்தார். வேகம் தானாகக் குறைந்தது. ஆட்டம் தளர்ந்து, தளர்ந்து, நின்றது. ஒரு கிடங்கின் மதிலோரம் ஒதுங்கினோம். யாழினி அழவில்லை. என் தாலிக்கொடியை இறுகப் பிடித்திருந்தாள்.

பாஷா பாய் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யோவ் செந்திலு! பின்னாலேர்ந்து பாத்துகினே வந்தேன்யா. நாய் வாலாட்டுறாப்ல ஆடுது. எனுக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சி."

"அதான் புதுசா பட்ட போட்டியே பாய். இன்னாத்தப் போட்ட?"

"நான் போட்டது சரியாத்தான் கீது. லாரிக்காரன் போன வேகத்துக்கு நானா பொறுப்பு?"

நான் இறங்கினேன். "பாய், கொக்கியைக் கழட்டி ஒரு தடவை தூக்கிப் பாருங்க."

என்ன நினைத்தாரோ, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுத் தூக்கினார். ஒரு கையிலேயே வந்துவிட்டது. "இன்னாமா இது, பூக்கூட மாதிரி வருது!"

"இது கனமா இருக்கணும் பாய். அப்பா படகு இழுக்கறப்ப இப்படித்தான் பார்ப்பாங்க."

"உங்கப்பா ஜாலிக்கு மீன் புடிக்கப் போனாரு. நாங்க பொயப்புக்குப் போறோம்" என்றார் செந்தில். பயத்தில் வந்த பேச்சு என்று தெரிந்தும் வலித்தது. "முன்னாடி ஏத்துனா வண்டி உக்காந்துடும். மடக்குனா யாரு பதில் சொல்றது? நீயா?"

"நானே சொல்றேன். ஆனா இப்படியே கிளம்பினீங்கன்னா நானும் யாழினியும் ஏற மாட்டோம். நீங்களும் ஏறக் கூடாது."

கல்யாணமாகி இந்த வீட்டில் நான் யாரிடமும் மாட்டேன் என்று சொன்னதில்லை. செந்தில் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு கேபிள் சுருளின் ஒரு முனையைப் பிடித்து, "தூக்கு பாய்" என்றார்.

சுருள்கள் ஜெனரேட்டருக்கு முன்னால் வந்தன. கேன்களும் வந்தன. பாஷா பாய் மறுபடி கொக்கியைத் தூக்கினார். அசையவே இல்லை. "இப்ப ரொம்பக் கனம்மா, பிக்கப்போட முன்சக்கரம் தரையில நிக்குமா?" என்றார். அது சரியான கேள்வி. எனக்கும் தெரியவில்லை. இரண்டு கேன்களை நடுவுக்குத் தள்ளச் சொன்னேன். இரண்டு கைகளாலும், முனகலோடு அவர் தூக்கியபோது போதும் என்றேன். பிக்கப்பில் மாட்டியதும் அதன் பின்புறம் கண்ணுக்குத் தெரியத் தாழ்ந்தது. டிரெய்லர் மட்டமாக நின்றது.

வேகத்தைக் குறைத்துக் கிளம்பினோம். அடுத்த லாரி முந்தியபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். லேசான ஓர் இழுப்பு, அவ்வளவுதான். ஸ்டீரிங்கை நெரித்துப் பிடித்திருந்த செந்திலின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

மண்டப வாசலில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்த ஒரு டெம்போ டிரைவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, வண்டி குந்திகினு கீது?"

"எங்க ஊர்ல இப்டித்தான் ஏத்துவாங்க" என்றார் செந்தில்.

"எந்த ஊரு? ஆவடிலயா?"

"தைப்பிங்கு."

திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாத மனிதர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கொக்கியைக் கழற்றக் குனிந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, நாளைக்கு ஒரு பட்டை முறிந்தாலும் பழி அந்த ஊருக்குத்தானே போகும் என்ற கவலையும் வந்தது. நம்ம ஊர் வழக்கத்தை வெளியாட்கள் முன்னால் இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்று ஆவடிக்காரியாகவும் ஒரு கணம் நினைத்தேன்.

பாரம் நீங்கியதும் பிக்கப்பின் பின்புறம் மெதுவாக எழுந்தது. செந்தில் அதை நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப் போனார். டிரெய்லர் மண்டபச் சுவரோரம் நின்றது. தூங்கிவிட்ட யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே அகன்றுகொண்டே போன இடத்தில் நான் நின்றேன். "ஓரமா போம்மா, ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணப் போறேன்" என்று பாஷா பாய் கத்தினார். பிக்கப் போன பக்கமா, டிரெய்லர் நின்ற பக்கமா, எந்த ஓரம் என்று அவர் சொல்லவில்லை.