சந்தனம் வெச்ச கத்தி

1. வாங்குறது

திருத்தணியில தோல் பை தைக்கிற யூனிட்டுல கட்டிங் டேபிள் என் பொறுப்பு. புதுசா சேர்றவங்க மொதல்ல கேக்கறது, "எந்தக் கத்தி வாங்கலாங்க்கா?" வாங்குறதுல ஒண்ணும் இல்ல. பளபளன்னு மின்னுற ஸ்டெயின்லெஸ் வேணாம், சீக்கிரம் மழுங்கிடும். கார்பன் ஸ்டீல் வாங்குங்க. பிடி உள்ளங்கையில அடங்கணும். ஆனா அதுக்கு ஈரமே ஆவாது. வேலை முடிஞ்சதும் துடைச்சு எண்ணெய் தடவி வைக்கணும்.

இதெல்லாம் எங்க பாவாவுக்கும் தெரியும். அக்கா வீட்டுக்காரர், என் எதிர் டேபிள்ல வெட்டினவர். தெரிஞ்சு என்ன புண்ணியம்?

2. பூசை

போன வருஷம் ஆயுத பூசைக்குக் கத்தி மேல சந்தனத்த அப்பிக் குங்குமம் வெச்சார். "துடைச்சுடுங்க பாவா, துரு ஏறிடும்"னேன்.

"சாமிக்கு வெச்சத துடைக்கணுமா? இன்னா திமிருடி உனக்கு!"

லீவு முடிஞ்சு வந்து பாத்தா, சந்தனத்துக்கு அடியில கத்தி முனை பூரா துரு. சூப்பர்வைசர் தலைக்கு மேல நின்னுகினு, "இன்னாய்யா தடவிகினு கீற? லோடு போவணும்!"னு கத்தறார். கல்லுல தண்ணி விட்டு மெதுவா தேய்க்க வேண்டியது. பாவா அவசரத்துல மிஷின் சாணையில வெச்சுட்டார். பொறி பறந்துச்சு, முனை சூடேறி நீலமாயிடுச்சு. நீலமாச்சுன்னா இரும்போட பதம் போச்சு, அப்புறம் கூர் நிக்காது.

"வேற கத்தி எடுங்க பாவா."

"பூசை போட்ட கத்திடி. மொதல் வெட்டு இதுலதான்."

மழுங்கின கத்திய அமுக்கித்தான் வெட்டணும். அமுக்கினார். வழுக்கிகினு போய், ஸ்கேலப் பிடிச்சிருந்த இடது கை கட்டைவிரல் அடியில இறங்கிடுச்சு. முருகா! தோல் பூரா ரத்தம். நரம்பு அறுந்துபோச்சு. தையல் போட்டாங்க, விரல் மடங்கவே இல்ல.

3. இப்போ

ஸ்கேல அழுத்திப் பிடிக்க முடியலன்னா கட்டிங் வேலை இல்ல. பாவா பேக்கிங்ல அட்டைப்பெட்டி ஒட்டறார். யார்கிட்டயும் பேச்சே கிடையாது. அக்கா கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி வேண்டிகினு வர்றா. டாக்டர் கைய விரிச்சுட்டார்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவேன்?

இந்த வருஷம் தீபாராதனை முடிஞ்ச கையோட எல்லார் கத்தியையும் நானே துடைச்சேன். பாவா கத்திய நீலம் போற வரைக்கும் கல்லுல தேய்ச்சு, தோல் வாருல தீட்டிக் குடுத்தேன். ஒரு துண்டுத் தோல்ல கத்திய இழுத்துப் பாத்தார். வெண்ணெயா வெட்டுச்சு.

"நல்லா கீது. நீயே வெச்சுக்கோ"ன்னு டேபிள் மேல வெச்சுட்டு பேக்கிங்குக்குப் போயிட்டார்.

பூசை முடிஞ்சதும் துடைச்சுடுங்க, சாமி கோச்சுக்காது. நான் கத்துகினது அவ்ளோதான். கத்திய மறுபடியும் தீட்டிட்டேன். அந்த விரல எந்தக் கல்லுல தீட்டுறது?