மெரியல் ஏலத்தில் எடுத்த பழைய போர்ட்

மெரியல் ப்ராசர் லெம்ஸ்டர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்தவள். அடுப்பில் எது அடிபிடிக்கப் போகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட மூக்கை ஒரு குளிர்காலக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போயிற்று, வாசனை மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் கெட்டுப்போன பாலைத் தெரியாமல் கஸ்டர்டில் ஊற்றிவிட்டாள். பிள்ளைகள் முகத்தைச் சுளித்துத் துப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அவளாகவே ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் காகிதத்தை மென்ற மாதிரிதான்.

அந்த நவம்பரில் அக்கா கிளெனிஸுடன் ஒரு பழைய அலமாரி வாங்க ஏலக் கூடத்துக்குப் போனாள். அலமாரி கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. அடுத்து வந்தது போர்ட் என்ற இனிப்பு ஒயின், ஒற்றைப் பாட்டில். நல்ல வருஷத்துச் சரக்குதான், ஆனால் லேபிள் மட்கியிருந்தது, உள்ளே ஒயினும் கசிந்து பாட்டிலின் தோள்வரை இறங்கியிருந்தது. ஏலக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். கெட்டுப்போயிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினைந்து பவுண்டில் மெரியல் கையைத் தூக்கினாள்.

"உனக்கென்னடி பைத்தியமா? உனக்குத்தான் வாசனையே தெரியாதே!" என்றாள் கிளெனிஸ்.

"அதனாலதான்கா. வினிகரா போயிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். வீட்டுல ஆல்வினுக்கு போர்ட்டுன்னா உசிரு. நல்லா இருந்தா அவன் அதிர்ஷ்டம்."

வண்டல் அடியில் தங்கட்டும் என்று பாட்டிலை நிறுத்தி வைத்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் புருஷன் ஆல்வின் டிராக்டர் மெக்கானிக். துருப்பிடித்த எந்த போல்ட்டையும் கழற்றுகிறவனுக்கு அந்தக் கார்க் மசியவில்லை, துகள் துகளாக உதிர்ந்தது. கடைசியில் மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினான். முகர்ந்தவன் முகம் விழுந்துபோனது.

"போச்சு."

கிளெனிஸும் முகர்ந்தாள். "அய்யே! நனைஞ்ச நாய் மேல ஈரச் சாக்கப் போத்துன மாதிரி இருக்கு."

தானும் பார்த்தேன் என்று இருக்கட்டுமே என மெரியல் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாறுது" என்றாள்.

"ஆமா, நாறத்தான் செய்யுது. விடு, கொட்டிடலாம்" என்றான் ஆல்வின்.

"ஆல்வின், எனக்கு நாறுதுடா!"

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மெரியல் ஜாடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி முகர்ந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்தது.

"நான் வாங்கிக் குடுத்த மோதிரத்துக்குக்கூட நீ இப்படி அழுததில்ல" என்றான் ஆல்வின்.

ஜாடியைக் கொட்ட அவள் விடவில்லை. பாலாடைக்கட்டியையும் வால்நட்டையும் கொறித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஆல்வின், பேருக்கு ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். ஒயின் செங்கல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தான்.

"கெட்ட வாடையெல்லாம் காத்துல போயிடுச்சு. உலர்ந்த அத்திப்பழம்... ஆரஞ்சுத் தோல்... கிளெனிஸ், குடிச்சுப் பாரேன்!"

கிளெனிஸ் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

மெரியலுக்கு இனிப்பும் தொண்டையில் இறங்கிய சூடும்தான் தெரிந்தன. நாற்றத்தோடு மூக்கும் போய்விட்டதோ என்று பயந்தாள். மெதுவாக அடுத்த வாய் குடித்தாள். எங்கோ அடியில், சர்க்கரை கருகும்போது வருமே, அப்படி ஒன்று நூலாக வந்து மறைந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் கிளாஸை மறுபடி நீட்டினாள்.

மறுநாள் காலையில் ஆல்வின் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் பின்வாசலில் குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"அதுவும் நாறுதா?"

"கொஞ்சம்!" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போன் செய்தாள்.

"சமைக்கிறதுக்கு இல்லம்மா. அதுக்கு இன்னும் நாளாகும். கேரட் சீவ ஆள் வேணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."