அக்கா கட்டிய மெல்லிய தங்கூசி

கடையில் தூண்டிலுக்கான புதுத் தங்கூசி நூலை முகர்ந்ததும், திருகோணமலைத் துறைமுகத்தில் இப்போது இல்லாத மர ஜெற்றியில் நிற்கிறேன். முப்பத்தொரு பலகைகள், உடைந்த நான்கை நினைவிலும் பயந்தே தாண்டுகிறேன். கீழே தெளிந்த நீரில், மூன்று நாட்களாக அக்கா குறிவைத்த பாரை மீன் ஒன்பது தடவை இரையருகே வந்து, தடித்த நூலைக் கண்டு ஒன்பது தடவையும் திரும்பியது. அக்கா தலைமயிரளவு மெல்லிய தங்கூசியைக் கட்டினாள்.

"அறுந்துபோகும் அக்கா."

"அறுந்தா அறுந்திட்டுப் போகட்டும். நீ எண்ணிக்கொண்டிரு, கணக்கப்பிள்ளை."

நீருக்குள் நூலே மறைந்தது. இரை மட்டும் தனியே மிதந்தது. பாரை கவ்வியது. அது ஓடும்போதெல்லாம் நூலை விட்டுக்கொடுத்து, களைத்ததும் மெல்ல இழுத்து, கடைசியில் படியிறங்கிக் கையாலேயே தூக்கினாள்.

"எத்தனை தரம் ஓடினது?"

எண்ண மறந்துபோயிருந்தேன்.