தங்கபுஷ்பம் நிறுத்திய மலைப் பயணம்

பாண்டி பஜாரில் ஸ்வெட்டரும் சால்வையும் விற்கும் தங்கபுஷ்பத்துக்குக் கோபக்காரி என்று பெயர். விலையைப் பாதியாகக் கேட்டால்கூடச் சிரிப்பாள். 'ஒண்ணும் ஆகாது' என்று யாராவது சொல்லிவிட்டால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். பெருவெள்ளம் வந்த டிசம்பரில், கீழ்த்தளத்தில் நின்ற ஸ்கூட்டரை எடுக்கப் போன அவள் கணவர் அய்யாதுரை கடைசியாகச் சொன்ன வார்த்தை அது. "தண்ணி வருது, மேல வாங்க சார்" என்று வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தியும் அவர் கேட்கவில்லை.

அவளுக்கு மிஞ்சிய ஒரே பிள்ளை அஸ்வின், இந்தப் பிப்ரவரியில் நண்பர்கள் ஏழு பேரோடு இமாச்சலத்துக்குப் பனிமலை ஏறப் போயிருந்தான். மூன்று நாளாக அங்கே பனிப்புயல். விடுதியில் அடைந்து கிடந்தவன் நான்காம் நாள் காலை போன் செய்தான்.

"நாளைக்குக் காலைல கணவாய்க்குக் கிளம்புறோம்மா. கைடுதான் பனி சரியும்னு பயந்து சாகுறான். ரெட் அலர்ட்டாம்! நம்ம ஊர்ல ரெட் அலர்ட்னா ஸ்கூலுக்கு லீவு விடுவாங்க, வெயில் மண்டையைப் பொளக்கும். அந்தக் கதைதான். ஒண்ணும் ஆகாதும்மா."

"எங்கயும் போவாதல!" என்று அவள் அலறியபோது இணைப்பு அறுந்திருந்தது. பத்து முறை அடித்தும் மணி போகவில்லை.

கடையை இழுத்து மூடிவிட்டு ஆட்டோ ஏறினாள். அவர்களை அனுப்பிய பயண நிறுவனம் அடையாறில் இருந்தது. அடுத்த மாதப் பயணத்துக்குப் பெயர் கொடுக்க வந்த ஓர் இளம் தம்பதி அங்கே காத்திருந்தார்கள். முதலாளி பஞ்சாட்சரம் அவளுக்கு நாற்காலி காட்டினார்.

"உக்காருங்க மேடம். இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்? கைடுங்க அப்படித்தான், சோம்பேறிங்க. ஒரு ஜூஸ் சொல்லட்டா?"

"ஜூஸை நீரே குடியும். அந்தக் கைடுக்கு இப்பவே போனைப் போடும். ஸ்பீக்கர்ல போடும்."

விடுதியின் எண்ணில் கைடு கிடைத்தான். கடைக்கு வரும் சேட்டு வீட்டுப் பெண்களிடம் பேசிப் பழகிய இந்தி அவளுக்குக் கைகொடுத்தது.

"அம்மா, அடியில பழைய பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு. அதுமேல புதுப்பனி இடுப்பளவு. ஒருத்தர் கால் வெச்சாலே மொத்தமும் வழுக்கிக்கிட்டு வந்துடும். வேண்டாம்னுதான் சொன்னேன். நீ போகலைன்னா வேற ஆளைப் போடுவேன்னு சார்தான் மிரட்டினார்."

தங்கபுஷ்பம் மேசையில் ஓங்கி அடித்தாள். பேனாக்கள் உருண்டன.

"சோம்பேறியா அவன்? ஏசியில உக்காந்துக்கிட்டு எட்டுப் பிள்ளைகளைக் குழிக்குள்ள தள்ளப் பாக்கேரே, நீரெல்லாம் மனுசனாவே? புருசனைத் தண்ணிக்குக் கொடுத்தவ நான். பிள்ளையைப் பனிக்குக் கொடுக்க மாட்டேன். பயணம் ரத்துன்னு சொல்லும். சொல்லாம இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்!"

பஞ்சாட்சரம் அவளைப் பார்க்கவில்லை. தம்பதியில் அந்தப் பெண் செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பதைத்தான் பார்த்தார். முகம் வெளிறியது. "ரத்துப்பா, நாளைக்கு யாரும் ஏற வேணாம்" என்றார் போனில்.

மறுநாள் பதினொரு மணிக்கு அஸ்வின் கூப்பிட்டான்.

"திருப்தியா? இங்க வெயில் பளபளன்னு அடிக்குது. எல்லாரும் என்னை அம்மா பிள்ளைன்னு கிண்டல் பண்றானுங்க. உன்னாலதான்..."

பேச்சு நின்றது. எங்கோ இடி உருண்டதுபோல ஒரு முழக்கம். யாரோ கத்தினார்கள். அப்புறம் அஸ்வினின் மூச்சு மட்டும் கேட்டது.

"அம்மா... எதிர்ச் சரிவு முழுசா இறங்கிடுச்சும்மா. நாங்க போக வேண்டிய வழி. இந்நேரம் நட்டநடுவுல நடந்துக்கிட்டு இருப்போம்னு கைடு சொல்றாரு." அவன் விம்மினான்.

அவள் சால்வைக் கட்டின் மேலேயே உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியும் குரல் இறங்கவில்லை. "அழாதல. முதல்ல அந்தக் கைடுத் தம்பி கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேளு. பொறவு என்கிட்ட பேசு."

மாலையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பயண நிறுவனத்தின் செய்தி வந்தது: 'எங்கள் அனுபவமிக்க நிர்வாகம் ஆபத்தை முன்கூட்டியே கணித்துப் பயணத்தை நிறுத்தியது. உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு.' கைடைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. கீழே மற்றப் பெற்றோர் அனுப்பிய கும்பிடு பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கப் பொறுமை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

"அடையாறு போப்பா. வெயிட்டிங்ல நிக்கணும். கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருக்கு."